கோபுரத்தில் ஏறும் எம் பிள்ளைகள்: தொலைத்தொடர்பு வேலையின் ஆபத்துகளும் நட்டஈட்டு உரிமையும்

2009 இல் போர் முடிந்த பின்னர் வன்னியில் வீதிகளோடும் மின்கம்பங்களோடும் சேர்ந்து எழுந்தவை கைத்தொலைபேசிக் கோபுரங்கள். அவற்றை நிறுவவும், பழுது பார்க்கவும், வீதியோரம் பைபர் கேபிள் புதைக்கவும் எமது இளைஞர்கள் பலர் நாட்சம்பளத்துக்குச் செல்கிறார்கள். தகப்பனையோ தமையனையோ போரில் இழந்த வீடுகளில் உழைக்கும் ஒரே ஆணாக அந்தப் பிள்ளை இருப்பதும் உண்டு. அவன் விழுந்தால் அந்த வீடு இரண்டாம் முறையும் விழும்.

வடக்கில் இவ்வாறான வேலைக் குழுக்களோடு சில ஆண்டுகள் தள மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற வகையில், இந்த வேலையில் உள்ள ஆபத்துகளையும், விபத்து நடந்தால் குடும்பத்துக்குள்ள உரிமையையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

உயரம்

50 மீற்றர் உயரத்திலிருந்து கைநழுவும் ஒரு போல்ட் ஏறத்தாழ 3 செக்கன்களில், மணிக்கு 100 கிலோமீற்றர் அளவான வேகத்தில் நிலத்தை அடையும். மேலே ஏறுபவனுக்கு மட்டுமல்ல, கீழே கயிறு பிடிப்பவனுக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது இதனால்தான். வேலை நடக்கும்போது கோபுரத்தின் அடியில் எவரும் நிற்கக்கூடாது.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழுபவனின் முதுகெலும்பையும் உள்ளுறுப்புகளையும் சிதைத்துவிடும். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் ஹார்னஸே பாதுகாப்பு. அதில் அதிர்ச்சியைத் தாங்கும் பகுதியுடன் இரண்டு கொக்கிக் கயிறுகள் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றது மாட்டியே இருக்கும். எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது இரும்பில் இருக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் முதல் விதி. ஒரு தடவை விழுந்து தாங்கிய ஹார்னஸையும் கயிற்றையும் மீண்டும் பாவிக்கக்கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஹார்னஸ் தாங்கிக்கொண்டதால் மட்டும் ஆள் தப்பிவிடுவதில்லை. அசைவின்றித் தொங்குபவனின் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தாமதித்தால் உயிரே போகலாம். ஆகவே அவனை உடனே இறக்கத் தெரிந்த இன்னொருவர், மீட்புக் கயிற்றோடு அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தனி ஒருவனைக் கோபுரத்துக்கு அனுப்புவது எந்த அவசரத்திலும் ஏற்கத்தக்கதல்ல. கோபுரங்களில் குளவியும் தேனீயும் கூடு கட்டுவதும் உண்டு. ஏறுவதற்கு முன் கீழிருந்து நன்றாகப் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் மின்னலும்

எமது வீதிகளில் 33 கிலோவோல்ற், 11 கிலோவோல்ற் மின்கம்பிகள் செல்கின்றன. இந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. இரும்புக் குழாயோ ஏணியோ ஈரக் கயிறோ நெருங்கினாலே மின்சாரம் பாயலாம். கம்பிகளுக்கு அருகே வேலையென்றால் மின்விநியோக நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு மின்னைத் துண்டிக்க வேண்டும்.

இலங்கையில் இடிமின்னல் அதிகமாக இருப்பது இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில். மின்னல் தெரிந்து 30 செக்கன்களுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் உள்ளது என்று பொருள். உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் செல்லும்வரை மீண்டும் ஏறக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாதவை

கோபுரக் கதிர்வீச்சைப் பற்றி ஊரில் பயம் அதிகம். சர்வதேச வழிகாட்டலின்படி 900 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 4.5 வாற்று, தொழிலாளருக்கு 22.5 வாற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இந்த அலைகளை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியம் உள்ளவை" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அலையின் வலிமை தூரத்தோடு வேகமாகக் குறைவதால், கீழே வீட்டில் இருப்பவரை விட, இயங்கும் அன்ரெனாவின் முன்னால் நெருங்கி நிற்கும் தொழிலாளிக்கே ஆபத்து அதிகம். அங்கே உடல் திசு சூடேறும். கண் முதலில் பாதிக்கப்படக்கூடிய உறுப்புகளில் ஒன்று. அன்ரெனாவின் முன்னால் வேலை செய்ய வேண்டுமென்றால் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்பது தொழிலாளியின் உரிமை.

பைபர் கேபிளில் செல்லும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய முனையை "வெளிச்சம் வருகிறதா" என்று கண்ணில் வைத்துப் பார்க்கவே கூடாது. வெட்டும்போது தெறிக்கும் கண்ணாடித் துகள் தோலில் ஏறினால் எடுப்பது கடினம். துகள்களை மூடியுள்ள போத்தலில் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் சாப்பிடக்கூடாது. பற்றரி அறையில் சேரும் ஐதரசன் வாயு காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும். மூடிய அறையில் ஜெனரேற்றர் ஓடினால் மணமில்லாத காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

நிலத்துக்குக் கீழே

கேபிளுக்காக வெட்டும் குழியின் ஓரம் சரிந்தால், ஒரு கன மீற்றர் மண்ணே ஒன்றரைத் தொன் அளவு இருக்கும். எமது மண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது; ஆயினும் முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. கண்ணிவெடி அகற்றல் குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைக்குமே செய்யப்படுகிறது. கேபிள் குழி அதைவிட ஆழமாகச் செல்லலாம். பழைய முன்னரங்கு, பதுங்குகுழி, முகாம் இருந்த இடங்களில் மண்வெட்டி போடுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். சந்தேகமான இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும்.

ஒப்பந்தச் சங்கிலி

மேலே சொன்ன அனைத்தும் தடுக்கக்கூடியவை. அப்படியிருந்தும் ஏன் விபத்து நடக்கிறது? அமெரிக்காவில் 2003 முதல் 2011 வரை கைத்தொலைபேசிக் கோபுர வேலைகளில் 50 பேர் இறந்ததை 2012 இல் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. கம்பனி ஒப்பந்தகாரருக்கும், அவர் உப ஒப்பந்தகாரருக்கும், அவர் இன்னொருவருக்கும் வேலையைக் கைமாற்றியதால் பொறுப்பு யாரிடமும் நிற்கவில்லை என்பதே அது காட்டிய உண்மை. 2013 இல் மட்டும் அங்கே தொடர்பாடல் கோபுரங்களில் 13 பேர் இறந்தனர்.

எமது தளங்களில் நான் கண்டதும் அதே சங்கிலிதான். கோபுரத்தில் ஒரு பெயர், வாகனத்தில் இன்னொரு பெயர், சம்பளம் கையில் தருபவர் மூன்றாம் ஆள். ஏறும் பிள்ளையிடம் நியமனக் கடிதமும் இல்லை, சம்பளப் பற்றுச்சீட்டும் இல்லை. விபத்தின் மறுநாள் "அவன் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்வது எவ்வளவு இலகு என்பதை யோசித்துப் பாருங்கள்.

சட்டம் சொல்வது

1934 இன் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, வேலையின் போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் தொழில்தருநர் நட்டஈடு தர வேண்டும். தொழில்தருநர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தகாரரிடம் கொடுத்த பிரதான நிறுவனத்தையும் பொறுப்பாக்க இச்சட்டத்தில் இடமுண்டு. 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளடக்கியது. ஆனால் கோருவதற்குக் காலவரையறை உள்ளது. துக்கத்தில் மாதங்களைக் கழியவிடாமல் அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியவை

பிள்ளை வேலைக்குப் போகும் இடம், ஒப்பந்தகாரரின் முழுப் பெயர், வாகன இலக்கம் ஆகியவற்றை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலை நாட்களைத் திகதியோடு குறித்து வையுங்கள். வேலைக்கு வரச்சொல்லி அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தைக் கேளுங்கள். அது ஓய்வுகாலப் பணம் மட்டுமல்ல, அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கான சான்றும்கூட. விபத்து நடந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலையில் "வேலைத்தளத்தில் விழுந்தார்" என்று பதியச் சொல்லுங்கள். பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள்.

காணாமல் போனவர்களுக்காக ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரப்படுத்தி வைக்கக் கற்றுக்கொண்ட சமூகம் நாங்கள். உயிரோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகவும் அதே கவனத்தோடு காகிதங்களைச் சேர்த்து வைப்போம்.