பிலோமினா என்ற பெயர்

நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிலோமினா என்ற பெயர் புதிதல்ல. யார் அந்தப் பிலோமினா?

1802-இல் ரோமாபுரியின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கல்லறையை மூடியிருந்த ஓடுகளின் எழுத்துகளைக் கொண்டு பெயரிட்டனர்; விசுவாசத்துக்காக உயிர்நீத்த கன்னி என நம்பினர். 1837-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி விழாவுக்கு அனுமதி தந்தார். மைசூரில் அவர் பெயர் தாங்கிய பேராலயத்துக்கு 1933-இல் அடிக்கல் நாட்டியவர் இந்து மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார்.

இதற்கிடையே, அந்த ஓடுகள் அவருடையவைதானா என்று ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர். 1961-இல் வழிபாட்டு நாள்காட்டியிலிருந்து அவர் விழா நீக்கப்பட்டது. மைசூர் மக்களோ இன்றும் பிலோமினா ஆலயம் என்றே சொல்கிறார்கள்.

ஏட்டில் நீங்கிய பெயரை வீட்டில் யார் நீக்குவது? சான்றைக் கேட்போம், தவறில்லை. அதற்காகப் பாட்டி ஆசையாய் வைத்த பெயருக்கு எந்தப் பிலோமினாவும் கூச வேண்டியதில்லை.