சிறிய நாடும் போர் விமானமும்

வல்லரசு ஒன்று புதிய போர் விமானம் வேண்டுமென்று விரும்பினால் அதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அறிவியலார், தொழிற்சாலை, சோதனைக் களம், நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் படை ஆகிய நான்கும் அதனிடம் உண்டு. சிறிய நாட்டின் நிலை வேறு. தனக்குத் தேவையான நாற்பது ஐம்பது விமானங்களுக்காக அது ஒரு பெருந்தொழிலையே நிறுவுவது அரிது. பிறர் செய்ததையே பெரும்பாலும் வாங்க வேண்டும். வாங்கிய பின்னும் கவலை தீர்வதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். போர் விமானமும் அத்தகையதே. வாங்கிய நாளில் செலவு முடிவதில்லை, தொடங்குகிறது. எரிபொருள், உதிரி உறுப்புகள், விமானிகளின் பயிற்சி, பழுது பார்க்கும் பணிமனை என முப்பது ஆண்டுகள் அது தொடர்கிறது.

இந்தச் சுமையைத் தாங்கச் சிறிய நாடுகள் பல வழிகளைக் கண்டிருக்கின்றன. சுவீடன் தன் சாப் நிறுவனத்தின் வாயிலாக டிராக்கன், விக்கன், கிரிப்பன் என்று தலைமுறை தலைமுறையாகத் தானே விமானம் செய்து வந்தது; எனினும் அவற்றின் எஞ்சின்கள் அயல்நாட்டு அமைப்பைத் தழுவியவை. பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுகூடி, 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தைத் தேர்ந்தெடுத்தன. தனித்தனியே கேட்டிருந்தால் அவை சிறு வாடிக்கைக்காரர்கள். சேர்ந்து 348 விமானங்களுக்குப் பேரம் பேசியதால், அவற்றைப் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலுமே பொருத்தி முடிக்கும் உரிமை கிடைத்தது. செக் குடியரசு 2005ஆம் ஆண்டு முதல் 14 கிரிப்பன் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பறக்கவிட்டது.

இவ்வாறு வழிகள் பல இருப்பினும், மாணவர்களுக்குச் சொல்வதற்கு நான் சுவிட்சர்லாந்தின் வரலாற்றையே தேர்ந்துகொண்டேன். எந்த விமானம் சிறந்தது என்ற வினாவோடு அந்நாடு நிற்கவில்லை. அதைத் தீர்மானிப்பவர் யார், கணக்கைக் கேட்பவர் யார் என்ற வினாக்களையும் அது அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.

சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. 1815ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய வல்லரசுகள் அதன் நடுநிலையை ஒப்புக்கொண்டன. நடுநிலை நாட்டுக்குப் போர் விமானம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யார் பக்கமும் சேராதவனுக்கு உதவ யாரும் வரமாட்டார்கள். ஆகவே தன் வானத்தைத் தானே காக்க வேண்டும் என்பது அந்நாட்டவரின் வாதம். 1940ஆம் ஆண்டில் அவர்கள் வானில் அத்துமீறி நுழைந்த ஜெர்மானிய விமானங்களை, ஜெர்மனியிடமிருந்தே வாங்கிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களைக் கொண்டு சுட்டு வீழ்த்தினார்கள்.

போருக்குப் பின்னர் அவர்களும் சொந்தமாகவே விமானம் செய்ய முயன்றார்கள். போடன் ஏரிக்கரையில் உள்ள ஆல்டன்ரைன் என்ற ஊரில் பி-16 என்னும் ஜெட் விமானம் உருவாயிற்று. 1958ஆம் ஆண்டு நூறு விமானங்கள் செய்யப் பாராளுமன்றம் இசைவு அளித்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதம் சோதனை விமானம் ஒன்று ஏரியில் விழுந்தது. திட்டமும் அதனோடு மூழ்கியது. அந்த விமானத்தின் இறக்கை அமைப்பு பிற்காலத்தில் அமெரிக்கரின் லியர்ஜெட் என்னும் பயண விமானத்துக்குப் பயன்பட்டது. ஆக, அறிவு குறைந்ததால் அம்முயற்சி தோற்கவில்லை. ஒரு விபத்தைத் தாங்கிக்கொண்டு மேலும் பொருள் கொட்டும் வலிமை சிறிய நாட்டிடம் இல்லை. உடனே பிரிட்டனிலிருந்து நூறு ஹன்டர் விமானங்களை வாங்கினார்கள். நம் இந்திய விமானப்படையும் அந்நாட்களில் ஹன்டரை வாங்கியது; 1971ஆம் ஆண்டு லோங்கேவாலாப் போரில் பகைவரின் டாங்கிகளைத் தகர்த்தது அவ்விமானமே.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒலியினும் விரைந்து செல்லும் விமானம் வேண்டுமென்று, பிரெஞ்சு நாட்டின் மிராஜ்-3 விமானத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். 1961ஆம் ஆண்டு நூறு விமானங்களுக்கென்று 87 கோடியே 10 லட்சம் பிராங்க் ஒதுக்கப்பட்டது. மிராஜ் நல்ல விமானமே. ஆனால் அதை உள்ளபடி வாங்க அவர்கள் உடன்படவில்லை. ராடாரும் ஏவுகணையும் அமெரிக்காவினுடையனவாக இருக்க வேண்டும். மலையைக் குடைந்து அமைத்த குகைக் கொட்டகைகளுக்குள் பாரந்தூக்கியால் தூக்கி நகர்த்துவதற்கு ஏற்றவாறு உடற்பகுதியை வலுப்படுத்த வேண்டும். விமானங்களைத் தம் நாட்டிலேயே உரிமம் பெற்றுக் கட்ட வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் ஒரு நாட்டு விமானத்தில் மற்றொரு நாட்டுக் கருவியைப் பொருத்துவது, ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் பிரித்து இன்னொருவருக்குத் தைப்பது போன்றது. புதுச் சட்டையை விடத் திருத்தக் கூலி மிகுந்துவிடும்.

1964ஆம் ஆண்டு அரசாங்கம் மீண்டும் பாராளுமன்றத்தின் முன் வந்து நின்றது. கூடுதலாக 57 கோடியே 60 லட்சம் பிராங்க் வேண்டும் என்றது. முதலிற் கேட்ட தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. பாராளுமன்றம் பணத்தைக் கொடுக்கவும் இல்லை. திட்டத்தை அப்படியே தள்ளிவிடவும் இல்லை. கூர்ட் ஃபுர்க்லர் என்ற உறுப்பினரின் தலைமையில் இரு அவைகளையும் சேர்ந்த முப்பத்திருவர் அடங்கிய விசாரணைக் குழுவை அமைத்தது. 1961ஆம் ஆண்டில் தங்கள் முன் வைக்கப்பட்ட அறிக்கை கவனமின்றியும் ஒருதலையாகவும் எழுதப்பட்டது என்று அக்குழு கண்டித்தது. வாங்கும் விமானங்களின் எண்ணிக்கை நூற்றிலிருந்து 57 ஆகக் குறைக்கப்பட்டது. விமானப்படைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். படைத் தலைமை அதிகாரி பதவி விலகினார். பாதுகாப்புத் துறையை நடத்திய பால் ஷோடே 1966ஆம் ஆண்டு பதவியை விட்டுச் சென்றார்.

இவர்களில் எவரும் கையூட்டுப் பெற்றவர் அல்லர் என்பதை நீங்கள் மறக்கலாகாது. நாட்டுக்கு மிகச் சிறந்ததையே தர வேண்டும் என்ற ஆர்வம், கணக்கை மறைக்கும் அளவுக்கு முற்றியதே அவர்களுடைய குறை. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு, நல்லெண்ணமும் தணிக்கைக்கு உட்பட்டாக வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பிறகு, பாராளுமன்ற விசாரணைக் குழுக்களுக்கு அந்நாட்டில் சட்ட அடிப்படை வகுக்கப்பட்டது. குறைந்த எண்ணிக்கையில் வந்த மிராஜ் விமானங்களோ நன்கு உழைத்தன. வேவு பார்க்கும் வகையைச் சேர்ந்தவை 2003ஆம் ஆண்டு வரையிலும் பறந்தன.

அடுத்த கட்டத்தில் மக்களே நேரடியாக வாக்குச் சாவடிக்கு வந்தார்கள். 34 ஹார்னெட் விமானங்களை 350 கோடி பிராங்குக்கு வாங்க அரசு முனைந்தபோது, படையே வேண்டாம் என்று கூறும் இயக்கம் ஒன்று எதிர்த்து நின்றது. 1989ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் அவ்வியக்கத்தின் கோரிக்கைக்கு நூற்றுக்கு 35 பேருக்கு மேல் ஆதரவு தந்திருந்தனர். 2000ஆம் ஆண்டு வரை புதிய போர் விமானம் வாங்கலாகாது என்னும் கோரிக்கைக்கு லட்சம் கையொப்பம் போதும். ஏறக்குறைய ஒரே மாதத்தில் ஐந்து லட்சம் சேர்ந்தது. ஆயினும் 1993ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், நூற்றுக்கு 57 பேர் அக்கோரிக்கையை மறுத்தனர். ஹார்னெட் வந்தது.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து அதே மக்கள் வேறு விடை தந்தார்கள். சுவீடனின் கிரிப்பன் விமானங்கள் 22ஐ ஏறத்தாழ 310 கோடி பிராங்குக்கு வாங்கும் திட்டத்தை, 2014ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நூற்றுக்கு 53 பேர் வேண்டாம் என்றனர். அதற்கு மூன்று திங்கள் முன்னர் ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. எத்தியோப்பியப் பயணிகள் விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்தி, விடியற்காலையில் ஜெனீவாவில் கொண்டுவந்து இறக்கினான். இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்களே அதற்குத் துணை வந்தன. சுவிஸ் போர் விமானங்கள் அலுவலக நேரத்தில் மட்டுமே ஆயத்த நிலையில் இருப்பது வழக்கமாம்! உலகம் நகைத்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அங்கே இல்லாமற்போனது விமானம் அன்று; இரவும் பகலும் அதை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய ஆட்களும் அவர்களுக்கான செலவுமே. 2020ஆம் ஆண்டின் முடிவில், பழைய ஹார்னெட் விமானங்களைக் கொண்டே இருபத்துநான்கு மணி நேரக் காவலை அந்நாடு ஏற்படுத்திவிட்டது. விமானத்தின் விலை வேறு, வான் காவலின் விலை வேறு என்பதை இதனால் அறியலாம்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அரசு மக்களை வேறு வகையாக அணுகியது. இன்ன விமானம் என்று சொல்லாமல், 600 கோடி பிராங்குக்கு மேற்படாமல் புதிய விமானங்கள் வாங்கலாமா என்று மட்டும் கேட்டது. ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 50.1, வேறுபாடு ஒன்பதாயிரம் வாக்குகளுக்கும் குறைவு. மறு ஆண்டு, நான்கு விமானங்களை ஒப்பிட்டு, அமெரிக்காவின் எஃப்-35 விமானங்கள் 36 வாங்குவதென அரசு அறிவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு வாங்கும் செலவும் நடத்தும் செலவுமாக 1,550 கோடி பிராங்க் ஆகும் என்று கணக்கிட்டது. அடுத்த நிலையில் இருந்த விமானத்தை விட இது ஏறத்தாழ 200 கோடி மலிவு என்றது.

மிராஜ் தந்த பாடம் நினைவில் இருந்ததால், இம்முறை எந்த மாற்றமும் கேட்கவில்லை; அமெரிக்கப் படை வாங்குவதையே தாமும் வாங்க உடன்பட்டனர். விலை மாறாதது என்று அரசு உறுதியாக நம்பியது. 2022ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அந்த உறுதிக்குச் சட்ட வலிமை உண்டா என்று ஐயம் எழுப்பியது. அரசு அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2025ஆம் ஆண்டில், விலை மாறாது என்பது தவறான பொருள்கோள் என்று அமெரிக்கா தெரிவித்தது. அமெரிக்க அரசு தன் தொழிற்சாலையிடமிருந்து என்ன விலைக்குப் பெறுகிறதோ அந்த விலையையே வாங்கும் நாடு கொடுக்க வேண்டும் என்பது அம்முறை. ஐம்பது கோடி பிராங்குக்குக் குறையாத கூடுதல் செலவு எதிரே நின்றது. 2025 டிசம்பரில், மக்கள் ஒப்பிய 600 கோடிக்குள் எத்தனை கிடைக்குமோ அத்தனையை வாங்குவதென்று அரசு முடிவு செய்தது.

1964ஐயும் 2025ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது, தம் விருப்பத்துக்கேற்பத் திருத்தியதால் வந்த செலவு. பின்னது, திருத்தம் ஏதும் கேளாமல் பிறர் பொருளை உள்ளபடி ஏற்றதால் வந்த செலவு. தனித்தன்மையை நாடினால் அதற்கு ஒரு விலை. பெரியவர் பின்னே சென்றால் அதற்கும் ஒரு விலை. சிறிய நாட்டுக்கு விலையற்ற வழி ஏதும் இல்லை. அது செய்யக்கூடியதெல்லாம், எந்த விலையைத் தருகிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்து, அறிந்ததை மக்களிடம் ஒளிக்காமல் சொல்வதுதான்.

ராடாரைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் உழவனும் கடைக்காரனும் வாக்களிப்பதா என்று கற்றவர்கள் சிலர் அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அம்மக்கள் ஒரு முறை ஆம் என்றும், ஒரு முறை இல்லை என்றும், ஒரு முறை மயிரிழையில் ஆம் என்றும் தீர்ப்பளித்தார்கள். விமானத்தின் நுட்பம் அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். எவ்வளவு கொடுக்கலாம் என்ற எல்லையை வரைய நுட்பம் வேண்டியதில்லை. வரி கொடுப்பவனுக்கு அந்த உரிமை உண்டு. 2025ஆம் ஆண்டில் விலை உயர்ந்தபோது அரசைக் கட்டி நிறுத்தியது எது? ஐந்தாண்டுகளுக்கு முன் ஒன்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் மக்கள் ஒப்பிய அந்த 600 கோடி என்னும் எண்ணே.

மாணவர்களே, நாளை நீங்கள் செய்தித்தாளில் ஒரு நாடு புதிய விமானம் வாங்கியதாகப் படிக்கும்போது, அதன் வேகத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்து வியந்து நின்றுவிடாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மொத்தச் செலவு என்ன, விலை உயர்ந்தால் அதைச் சுமப்பவர் யார், கணக்கைக் கேட்கும் உரிமை எவரிடம் உள்ளது என்ற மூன்று வினாக்களையும் கேளுங்கள். இவற்றுக்கு விடை கூற இயலாத நாடு, எவ்வளவு சிறந்த விமானத்தை வைத்திருந்தாலும், அதைப் பறக்கவிடும் செலவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும்.