முல்லைத்தீவு: நிலமும் சனத்தொகையும்

இலங்கையின் வட மாகாணத்தில் உள்ள ஐந்து மாவட்டங்களில் ஒன்று முல்லைத்தீவு. பெயரில் தீவு இருந்தாலும் இது தீவு அல்ல. கிழக்கே வங்கக் கடல், மற்றப் பக்கங்களில் கிளிநொச்சி, மன்னார், வவுனியா, திருகோணமலை மாவட்டங்கள். பரப்பளவு 2,617 சதுர கிலோமீற்றர். இதில் பெரும்பகுதி காடும் குளமும் வயலும்தான். கரையோரத்தில் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் உள்ளன. உள்ளே முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு போன்ற குளங்கள் நெற்செய்கைக்கு நீர் கொடுக்கின்றன. கடற்றொழிலும் விவசாயமும் தான் மக்களின் பிரதான தொழில்கள்.

வன்னியின் கடைசி மன்னன் எனப்படும் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். ஆனால் தனி நிர்வாக மாவட்டம் என்ற வகையில் முல்லைத்தீவு மிகவும் இளையது. 1978 இல் தான் அயல் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து இது உருவாக்கப்பட்டது. இன்று கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன.

மாவட்டமான பின் நடந்த முதல் குடிசன மதிப்பீடு 1981 இல் எடுக்கப்பட்டது. அப்போது சனத்தொகை சுமார் 77 ஆயிரம். அடுத்த முழுமையான மதிப்பீடு 2012 இல் தான் நடந்தது. 2001 இல் நாடளாவிய மதிப்பீடு நடந்தபோது யுத்தம் காரணமாக இங்கு கணக்கெடுக்க முடியவில்லை. ஆக 31 வருடங்களாக இந்த மாவட்டத்து மக்கள் முறையாக எண்ணப்படவே இல்லை.

அந்த 31 வருடங்களில் தான் எல்லாமே நடந்தன. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கரையோரக் கிராமங்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஏனைய முஸ்லிம்களோடு முல்லைத்தீவு முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 இன் யாழ்ப்பாண இடப்பெயர்வில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 2004 டிசெம்பர் 26 இல் சுனாமி கரையோரத்தை அழித்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில், நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், யுத்தம் முடிந்தது.

எண்ணிக்கை எவ்வளவு பெரிய விடயம் என்பது அதன் பின்னர் தான் தெரிந்தது. கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் 4,29,059 பேர் இருந்தனர். 2009 ஜூலை அளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்டார். இந்த எண்கள் குறித்து வாதங்கள் உண்டு. பதிவுகளில் பிழை இருக்கலாம், சிலர் பதியாமல் வெளியேறியிருக்கலாம். ஆனால் ஒருவர் ஒருவராகச் சரிபார்த்து அந்தக் கேள்விக்கு யாரும் விடை கொடுக்கவில்லை.

2012 மார்ச்சில் மதிப்பீடு எடுக்கப்பட்டபோது சனத்தொகை சுமார் 92 ஆயிரம். சதுர கிலோமீற்றருக்கு 38 பேர் என்ற அளவில் நாட்டிலேயே அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் இதுவே. அந்த நேரம் கேப்பாப்புலவு மக்கள் போன்றோர் இன்னும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில் தான். 2024 மதிப்பீட்டின்படி சனத்தொகை சுமார் 1 இலட்சத்து 22 ஆயிரமாக உயர்ந்துள்ளது. வளர்ச்சி வீதத்தில் நாட்டில் முதலிடம்.

77 ஆயிரம், 92 ஆயிரம், 1 இலட்சத்து 22 ஆயிரம் என்று மட்டும் அட்டவணையில் பார்த்தால் மெதுவாக வளர்ந்த ஒரு கிராமப்புற மாவட்டம் போலவே தெரியும். முதல் இரண்டு எண்களுக்கும் நடுவில் போனவர்களும் வந்தவர்களும் இல்லாமல் போனவர்களும் அந்த அட்டவணையில் இல்லை. முல்லைத்தீவின் வரலாற்றைப் படிப்பவர்கள் அந்த 31 வருட இடைவெளியிலிருந்து தான் தொடங்க வேண்டும்.