நெய்தல் நிலத்து நடிகர் சந்திரபாபு சரிதம்



சரித்திரம் எழுதுவோர் மன்னரையும் மறவரையும் புலவரையும் பற்றி விரித்தெழுதுவர். கூத்தாலும் இசையாலும் மக்களை மகிழ்வித்தாரைப் பற்றி எழுதுவோர் சிலரே. அவருள்ளும் கடற்கரையிற் பிறந்து கலையாற் புகழெய்தினார் ஒருவரைக் குறித்து இங்கு எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற திங்கள் நம் ஏரிக்கரைக் குப்பங்களுள் ஒன்றினின்றும் தந்தையார் ஒருவர் எம்மிடம் வந்தார். அவர்தம் மகன் சின்னத்திரை நாடகத்தில் நடிக்கச் சென்னைக்குப் போவேன் என்று பிடிவாதமாய் நிற்கின்றானாம். "வாத்தியாரையா, போனால் பாட்டில் அவன் பேர் நிற்குமா? நம்மைப்போல் வலை போடுகிற சாதியிற் பிறந்தவன் எவனாவது அந்தத் தொழிலுக்குப் போய் நன்றாயிருந்ததுண்டா?" என்று வினவினார். கேட்டவை இரண்டு கேள்விகள். பின்னதற்கு விடை காண வேண்டின், ஜே. பி. சந்திரபாபு என்பார் சரிதத்தை ஆராய்தல் வேண்டும். முன்னதற்கு விடையும் அச்சரிதத்திலிருந்தே பிறக்கும்.

குலமும் பிறப்பும்

பழவேற்காட்டாராகிய நாம் பட்டினவர்; தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையார் பரதவர். நமக்கும் அவர்க்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை. ஆயினும் நெய்தல் என்னும் ஒரு தாய் வயிற்று மக்களாதலின் அவர் பெருமை நமக்குப் பெருமையே; அவர் துயர் நமக்குப் பாடமே. கூத்தும் பாட்டும் நெய்தல் மக்கட்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் களித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆகவே, "கூத்து நம் குலத்துக்கு அடாது" என்று கூறுவோர் நம் பழமையை அறியாதோரே ஆவர்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகேசியர் துணையை நாடிக் கிறித்து சமயத்தைத் தழுவினர். அது முதல் ரொட்ரிகோ, பெர்னாண்டோ, பெரைரா முதலிய பெயர்கள் அவர்தம் குடிகளில் வழங்கலாயின. அப்போர்த்துகேசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் பழவேற்காட்டிலும் தங்கி மாதா கோயில் எடுத்தனர்; 1613இல் ஒல்லாந்தர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். ஆதலின் அப்பெயர்களின் ஓசை நம் செவிக்குப் புதிதன்று.

தூத்துக்குடிப் பரதவரின் காவற்றாய் பனிமய மாதா. அத்தாயின் திருவிழா ஆகஸ்டு 5ஆம் நாள் நிகழ்வது. 1927ஆம் ஆண்டு அந்நாளிலேயே நம் சரித நாயகர் பிறந்தார். சோசப்புப் பனிமயதாஸ் எனப் பெயரிடப் பெற்றார். பரதவர் தம்மைச் சந்திரகுலத்தார் என வழங்குவர். அக்குலப் பெயரைக் கொண்டே அவர் பிற்காலத்துச் 'சந்திரபாபு' எனப் பெயர் பூண்டார் என்பர். திரையுலகிற் புகுவோர் பலர் தம் குலத்தை மறைக்கப் பெயர் மாற்றிக்கொள்ளும் உலகில், இவர் குலத்தைக் காட்டும் பெயரையே விரும்பி ஏற்றது நாம் எண்ணி மகிழத்தக்கது.

தந்தையார் ரொட்ரிகோ செல்வர். நாட்டு விடுதலைக்கு உழைத்தவர். 'சுதந்திர வீரன்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். ஆங்கில அரசினர் அவரைச் சிறைப்படுத்தி உடைமைகளையும் பறித்துக்கொண்டனர். பின்னர் அக்குடும்பம் இலங்கை சென்று கொழும்பில் வாழ்ந்தது. செல்வத்திற் பிறந்த சிறுவர் வறுமையில் வளர்ந்தார். கொழும்புப் பள்ளியில் ஆங்கிலக் கல்வியும் மேனாட்டு இசையும் அவர்க்கு வாய்த்தன. கையிலிருந்தது போயினும் செவியிற் புகுந்தது போகவில்லை.

சென்னை வாழ்க்கை

1943இல் அக்குடும்பம் சென்னை வந்து திருவல்லிக்கேணியிற் குடியேறிற்று. தந்தையார் 'தினமணி'யிற் பணிபுரிந்தார். மைந்தரோ நடிப்பன்றிப் பிறிதொன்றையும் நாடினாரிலர். 'மணிக்கொடி' எழுத்தாளராகிய பி. எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி' என்னும் படம் 1947இல் வெளிவந்தது. அதுவே இவர் முகத்தை முதன்முதற் காட்டிய படம். எனினும் அடுத்த வாயில் உடனே திறக்கவில்லை. படநிலையம் படநிலையமாக அலைந்து ஆண்டுகள் கழிந்தன.

1952இல் ஜெமினி படநிலையத்தின் அதிபர் எஸ். எஸ். வாசனைக் காண முயன்று இயலாது மனமுடைந்து, அந்நிலையத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். நல்வினையால் பிழைத்தார். வழக்கு மன்றத்தில் நின்றபோது தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டதை ஏனையோர் காணலாமேயன்றி அதன் வலியை உணர இயலாது என்னும் கருத்துப்பட நடுவரிடம் கூறினார் என்பர். மன்றம் அவரைத் தண்டியாது விடுத்தது. வாசன் அவ்வாண்டே தம் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடம் அளித்தார்.

அன்பர்காள்! இந்நிகழ்ச்சியைப் பெருமையாகக் கொள்ளற்க. உயிரைத் துறக்கத் துணிந்ததனால் அவர் உயர்ந்தாரிலர். உயிர் எஞ்சியதனாலன்றோ உயர்ந்தார்! அவர்தம் துயரைக் கேட்க ஒரு செவி முன்னரே வாய்த்திருந்தால் அவர் அந்நிலை எய்தியிரார் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

கலைத்திறம்

அது முதல் பத்தாண்டுக் காலம் தமிழ்த் திரையில் அவர் இல்லாத சிறப்பு அரிது. அவர் நடிகர், ஆடுநர், தம் பாட்டைத் தாமே பாடும் பாடகர். மூன்றும் ஒருவரிடத்தே அமைதல் எளிதன்று. சுவிட்சர்லாந்து மலைவாழ் மக்கள் குரலைத் திடீரென மேலும் கீழும் மாற்றிப் பாடும் 'யோடலிங்' என்னும் முறையைத் தமிழ்ப் பாட்டில் இழைத்தார். 1954இல் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்கும், 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் சிவாஜி கணேசனுக்கும் பின்னின்று குரல் கொடுத்தவரும் அவரே. 'குலேபகாவலி' (1955), 'புதையல்' (1957), 'நாடோடி மன்னன்' (1958), 'அன்னை' (1962) ஆகிய படங்கள் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. அப்பாட்டுகள் இன்றும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போது, அவர் மறைந்து பல்லாண்டு கழித்துப் பிறந்த பிள்ளைகளும் நின்று கேட்கின்றனர்.

அவற்றுள் தலையாயது 1958இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'சபாஷ் மீனா' எனலாம். சிவாஜி கணேசனோடு நடித்த அப்படத்தில் சந்திரபாபு இரண்டு வேடம் பூண்டார். ஒன்று செல்வர் வீட்டு இளைஞன், மற்றொன்று ரிக்‌ஷாக்காரன். தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், சென்னைத் தெருவில் உழைப்பாளர் பேசும் தமிழை அவ்வளவு பிழையறப் பேசினார். இலக்கணம் கற்ற யாம் அப்பேச்சைக் கொச்சை என்று வகுப்பறையில் திருத்துபவர். ஆயினும் அப்படத்தைக் காணுந்தோறும், உழைப்பவன் வாய்மொழிக்கும் ஓர் அழகு உண்டென்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டியதாகின்றது. அவ்வேடத்தில் நகைப்புக்கு இடமானது ரிக்‌ஷாக்காரனின் ஏழைமையன்று. அவனுடைய துடிப்பும் குறும்புமே.

வீழ்ச்சி

இனிக் கசப்பான பகுதிக்கு வருகின்றோம். அதனை மறைத்து எழுதுவது சரிதமாகாது.

1960இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்திற் சந்திரபாபு தலைமை வேடம் ஏற்றார். படம் வணிகத்தில் தோற்றது. கவிஞர் பெருங்கடனில் ஆழ்ந்தார். எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்னும் படத்தைத் தாமே தொடங்கினார். அது முற்றுப்பெறாது நின்று அவர் செல்வத்தை விழுங்கிற்று. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்னும் படத்தைத் தாமே எழுதி இயக்கினார்; அதுவும் கைகொடுக்கவில்லை. இல்லறம் நீடிக்கவில்லை. மனத்திற் பட்டதை எவர் முன்னும் கூறிவிடும் இயல்பு பகையை வளர்த்தது. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது. 1974 மார்ச்சு 8ஆம் நாள், 46ஆம் அகவையில், வறுமையிடையே அவர் காலமானார்.

விதி என்று கூறி இதனைக் கடந்துவிடலாமோ? ஆகாது. நம் தொழிலோடு ஒப்பிட்டு நோக்குக. உழவர்க்கு விளைச்சல் காலம் அறிந்து வரும். உத்தியோகத்தார்க்குத் திங்கள்தோறும் சம்பளம் வரும். கடலாடுவோர்க்கோ மீன்பாடு சொல்லி வருவதன்று. ஒருநாள் வலை கிழிய வரும். பத்து நாள் வெறும் வலை வரும். நடிகர் வருவாயும் அத்தகையதே. வலை நிறைந்த நாளில் இனி என்றும் இப்படியே என்று எண்ணிச் செலவிடுதலும், வலை வெறுமையான நாளிற் கடனிலும் குடியிலும் புகுதலும் நம் குப்பங்களில் யாம் கண்ணாரக் காணும் காட்சிகள். கடற்கரையில் நாம் செய்யும் பிழையையே அம்மாபெரும் கலைஞர் கலைக்கரையிற் செய்தார். எனவே அவரைப் பழிக்கும் தகுதி நமக்கில்லை. அவரிடம் கற்கும் கடமையே உண்டு.

பாடு கற்பிக்கும் பாடம்

நம் முன்னோர் ஏரியில் 'பாடு' என்னும் முறையை வகுத்தனர். நல்ல இடத்தை ஒருவனே என்றும் பற்றிக்கொள்ளலாகாது; தலைக்கட்டுதோறும் முறை வரும்; முறை கழிந்தால் இடத்தை விட்டு விலக வேண்டும்; மீண்டும் முறை வரும் வரை பொறுக்க வேண்டும். இதனால் வலியவன் மிதமிஞ்சிக் கொழுக்கவும் இல்லை. எளியவன் அடியோடு அழியவும் இல்லை. திரையுலகிலோ பாடு இல்லை. முறை வந்தவனுக்கு அது எப்பொழுது கழியும் என்று கூறுவாரும் இல்லை. கழிந்தபின் அவனுக்கென ஓர் இடத்தை வைத்துக் காப்பாரும் இல்லை. சந்திரபாபுவிடம் திறமைக்குக் குறைவில்லை. விழுந்தபொழுது தாங்குதற்கு ஒரு பாடு இல்லாமற்போனதே குறை.

ஆதலின், எம்மை வினவிய தந்தையார்க்கு யாம் அளிக்கும் விடை இது. மகனைத் தடுக்கற்க. கலையார்வம் ஏரி முகத்துவாரம் போன்றது. மணல் மூடினும் நீர் தன் வழியைத் தேடும். அவன் போகட்டும். போகும்பொழுது மூன்றனைச் சொல்லியனுப்புக: வரும் பொருளிற் பாதியைத் தாயிடம் சேர்ப்பித்தல், மதுவைத் தீண்டாமை, மனமுடைந்த நாளில் வெட்கமின்றி வீட்டுக்குத் திரும்பி வருதல். மூன்றனுள்ளும் இறுதியதே தலையாயது.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். அவ்விளைஞன் பெயரைத் தலைக்கட்டினின்றும் நீக்காதீர். சில ஆண்டு அவன் முறையை உடன்பிறந்தான் கொள்ளட்டும். வென்று வருவானாயின் அது நமக்குப் பெருமை. தோற்று வருவானாயின் வலை போட ஓர் இடம் ஏரியில் இருக்கட்டும். வென்றபின் "நம்மவன்" என்று மாலையிடுதல் எவர்க்கும் எளிது; தோற்றவனையும் நம்மவன் என்பதே சங்கம் என்னும் சொல்லுக்குப் பொருள்.

சந்திரபாபுவின் உடல் சென்னையில் அடையாற்று முகத்தை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறையில் துயில்கின்றது. கடல் அவ்விடத்திற்கு அணித்தே. மீனவர் குடியிருப்பும் அணித்தே. மீன் விற்கவும் வேறு அலுவலாகவும் சென்னை செல்லும் நம் அன்பர்கள் ஒருநாள் அவ்வழியே சென்று, நெய்தல் மகன் ஒருவனுக்கு ஒரு பூவைச் சாத்தி வருவார்களாக.