மென்பொருள் பின்னோக்குப் பொறியியலும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும்

விலைக்கு வாங்கிய மென்பொருளின் எந்திரக் குறிமுறையைப் பிரித்துப் படித்து, அது இயங்கும் விதத்தை அறிவது பின்னோக்குப் பொறியியல். துறையினர் பேச்சில் ரிவர்ஸ் இன்ஜினியரிங். இதுவும் ஒருவகைத் திருட்டே என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிப்புரிமை எழுதப்பட்ட வடிவத்துக்கு உரியது, அதிலுள்ள கருத்துக்கு அல்ல. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கருத்து தெரிந்துவிடும். மென்பொருளிலோ அது 0, 1 என்ற இலக்க வரிசைக்குள் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுப்பவர் வழியில் ஒரு நகலாவது எடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் உரிமையோ படைத்தவருடையது. முடிச்சு இங்கேதான் விழுகிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், 1999-இல் வந்த திருத்தம் மூன்று விலக்குகளைச் சேர்த்தது. தனியாக உருவாக்கப்பட்ட நிரல் மற்ற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, நிரலை முறையாக வைத்திருப்பவர் அத்தகவலைப் பெற வேண்டியதைச் செய்யலாம். நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதைக் கவனித்து, ஆராய்ந்து, சோதிக்கலாம். ஆனால் நிரல் எதற்காக வழங்கப்பட்டதோ அந்த இயக்கத்தின் போக்கில் மட்டும். ஆகவே பிரித்துப் படிக்கும் மாணவருக்கு உண்மையில் கைகொடுப்பது மூன்றாவதே: முறையாகப் பெற்ற நகலிலிருந்து, வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டுக்கு நகலும் தழுவலும் செய்துகொள்ளலாம். படைப்பை மாற்றியோ வரிசை மாற்றியோ பயன்படுத்துவதும் தழுவலே என்கிறது சட்டத்தின் வரையறை. எந்திரக் குறிமுறையை மனிதர் படிக்கும் வடிவுக்குக் கொண்டுவருவதை இதற்குள் அடக்குவது வலிந்த பொருள்கோள் ஆகாது.

உரிம ஒப்பந்தம் இதைத் தடுக்கிறதே என்பது வலுவான மறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறை, இத்தகைய ஆய்வைத் தடுக்கும் ஒப்பந்த விதிகள் செல்லாது என்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு வரி இல்லை, இருந்திருக்க வேண்டும். எனவே ஒப்பந்த மீறல் என்று உரிமையாளர் வழக்கிடலாம். அது ஒப்பந்தத் தகராறாகுமே தவிர, பதிப்புரிமைக் குற்றமாகிவிடாது. மென்பொருளில் டிஜிட்டல் பூட்டு இருந்தால்? 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கே ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்கு விலக்கும் தருகிறது.

இந்த வாதத்தின் நிழலில் திருட்டு நகல் வைத்திருப்பவரும் ஒதுங்கிக்கொள்வார் என்ற அச்சத்துக்கு அமெரிக்காவின் இரண்டு 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் பதில் தருகின்றன. சேகா நிறுவனத்தின் விளையாட்டு கேட்ரிட்ஜ்களை வாங்கிப் பிரித்துப் படித்த அக்கோலேட் நிறுவனத்தின் செயல், கருத்தை அடைய வேறு வழியில்லாததால், நியாயமான பயன்பாடு என்று ஏற்கப்பட்டது. நிண்டெண்டோவுடன் மோதிய அடாரி கேம்ஸோ, பொய்யான காரணம் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே நிரலின் நகலை வாங்கியிருந்தது. பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடாகலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்ட நீதிமன்றம், நகல் வந்த வழியைக் காட்டி அடாரி கேம்ஸுக்கு எதிரான தடையாணையை உறுதிசெய்தது.