மூட்டை கட்டிய மலைநாடு

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்களோடு நின்றுவிடுகின்றனர். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான அவ்வொப்பந்தம், நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசாங்கங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. இவை நாம் அறிந்தவையே. ஆனால், ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பம் லயத்தை விட்டுப் புறப்பட எவ்வாறு ஆயத்தமாயிற்று என்பதை ஆராயுமிடத்துத்தான், "தாயகம் திரும்புதல்" என்று அதற்குச் சூட்டப்பட்ட பெயர் எத்துணை பொய்யானது என்பது விளங்கும்.

ஆயத்தம் கடதாசியில் தொடங்கிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியபின், 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். வாடகைச் சீட்டோ காணி உறுதியோ இல்லாத லயத்து மனிதன் எதைக் காட்டுவான்? அவனுடைய பெயர் இருந்ததெல்லாம் தோட்டக் கந்தோரின் செக்றோலில். 1964 வரை அவ்வாயிலால் நுழைந்தோர் ஏறத்தாழ 134,000 பேரே. பின்னர் அதே மக்கள் மீண்டும் விண்ணப்பப் படிவத்துடன் நின்றனர். 1970 ஏப்ரல் 30 இல் காலக்கெடு முடிந்தபோது, இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோர் ஏறத்தாழ 700,000 பேர். இந்தியாவைக் கேட்டோர் ஏறத்தாழ 400,000 பேர். ஒப்பந்தத்தின் கணக்கை மக்களே தலைகீழாக்கிவிட்டனர். விண்ணப்பித்துவிட்டுத் தயங்கி நின்ற பலரை 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் தலைவிரித்தாடிய பசி அனுப்பிவைத்தது. அதை விருப்பம் என்று யார் சொல்வது?

ஏழு பேர் போனால் நால்வருக்கு இங்கு உரிமை என்பது ஒப்பந்தத்தின் விகிதம். ஒரு காம்பறாவில் மூட்டை கட்டப்பட்டாலன்றி அடுத்த காம்பறாக்காரனுக்கு நாடில்லை! தொழிலாளியைத் தொழிலாளியோடு இதைவிடக் கொடிதாகப் பிணைக்க முடியுமா?

இனி உடைமைகளைப் பார்ப்போம். சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் சொத்துக்களை அவர்கள் கொண்டு செல்லலாம்; ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்று ஒப்பந்தம் கூறிற்று. தாராளந்தான்! சேமலாப நிதிச் சட்டம் வந்ததே 1958 இல்; அதற்கு முன் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு அதில் வரவு கிடையாது. பாட்டன் இந்நாட்டுக்கு வந்ததே கடனோடு: கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவன் தலையில் எழுதப்பட்டன. பேரனோ போகுமுன் கடைக்கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. பசுவை விற்கலாம், லயத்தருகே தானே கொத்திப் பண்படுத்திய மரக்கறிப் பாத்தியை விற்க முடியாது, அது தோட்டத்து நிலம். தேயிலைக்கடியில் புதைத்த பெற்றோரை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? மணமான மகள் இலங்கைக்கு விண்ணப்பித்த வீட்டிலிருந்தால் அவளும் பட்டியலில் இல்லை. தகரப்பெட்டிக்குள் மடித்து வைத்தவை சிறிது. அவர்களை மலையிலிருந்து இறக்கிச் சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". எந்தச் சரித்திர நூலும் இத்துணைச் சுருக்கமாக எழுதியதில்லை.

வண்டி தலைமன்னாரில் நின்றது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் செல்வதே பழைய வழி. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதம் நிறையுமுன், 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. அப்பால் மண்டபம் முகாம். குடும்ப அட்டையைக் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயம் முன்னரே கொடுத்திருந்தது. எங்கே குடியேறுவது, எதைச் செய்து பிழைப்பது என்பது அவ்வட்டையைப் பொறுத்தது. 1968 முதல் நீலகிரியில் வளர்ந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் ஒரு பகுதியினரை ஏற்றன. மற்றும் பலருக்கு வியாபாரக் கடன். தராசு பிடித்தறியாத கொழுந்துக்காரிக்கு வெயில் காயும் சமவெளியில் கடை! கடன் கரைந்தபின் பலர் குளிரையும் தேயிலையையும் தேடித் தாமாகவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரர்".

1984 இல் போரினால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று, புறப்படும் நாளுக்காகக் காத்திருந்த பல்லாயிரவர் லயத்திலேயே தங்கிவிட்டனர். கையில் ஒரு நாட்டின் கடவுச்சீட்டு. காலடியில் இன்னொரு நாட்டின் மண். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அவர்களை இலங்கைப் பிரசைகளாக ஏற்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர்கள் அதே மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர்.