நாற்காலி உண்டு, ஓட்டு இல்லை



பேத்தி கல்லூரி மாணவர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். "கூட்டத்தில் பேசலாமாம் தாத்தா, ஓட்டு மட்டும் கிடையாதாம். பிறகு எதற்குப் போகணும்?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதை இது.

1868-இல் தொடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை ஆள்வது ரீஜென்ட்ஸ் என்னும் குழு. நூறாண்டுக்கு மேல் அதில் மாணவருக்கு இடமில்லை. 1964-இல் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது. பத்தாண்டு கழித்து, 1974-இல், மக்கள் வாக்கெடுப்பில் மாநில அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1975-இல் முதல் மாணவர் உறுப்பினர் வந்தார். இன்று 26 ஓட்டுகளில் ஒன்று மாணவருடையது. அவரும் முதல் ஓராண்டு ஓட்டில்லாமல் அமர்ந்து கற்ற பிறகே ஓட்டுப் போடுகிறார். ஆசிரியர் பிரதிநிதிகள் இருவர் இன்றும் ஓட்டில்லாமலே கருத்துச் சொல்கிறார்கள். ஊழியர் சார்பிலும் ஆலோசகர்கள் உண்டு.

2009-இல் அங்கே கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்தினார்கள். மாணவருக்கு ஓட்டு இருந்தும் தடுக்க முடியவில்லை. ஒற்றை ஓட்டு எண்ணிக்கையில் தோற்றுவிடும். ஓட்டே இல்லாதவருக்கு வாதம் ஒன்றுதான் பலம். அது மற்றவர் ஓட்டை மாற்றினால் உண்டு. இல்லையேல் வெறும் அலங்கார நாற்காலிதான்.

பேத்தியிடம் சொன்னேன்: "போம்மா. கணக்கு வழக்கோடு போ. நீ பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார். ஓட்டையும் கேட்டுக்கொண்டே இரு."

நான் சொன்னது சரியா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.